கைப்பேசிக்கும் கணினிக்கும் ஒரே நிரல்

மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் நம் வீடுகளில் கணக்குப் பார்ப்பது வழக்கம். நமக்குத் தெரிந்த ஒரு செம்பனைத் தோட்டத்துக் குடும்பத்திலும் அப்படித்தான். தகப்பனார் குலை வெட்டுகிறார். தாயார் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி மூட்டை கட்டுகிறார். நாள்தோறும் எத்தனை குலை, எத்தனை மூட்டை என்று தாயார் ஒரு பழைய பள்ளி நோட்டில் எழுதி வைப்பார். ஒரு மாதம் மழையில் அந்த நோட்டு நனைந்து எழுத்தெல்லாம் கரைந்து போயிற்று. அந்த மாதம் பார்த்துத்தானா, சம்பளச் சீட்டில் கண்ட கணக்குக்கும் அவர் மனத்தில் இருந்த கணக்குக்கும் வேறுபாடு வர வேண்டும்! அலுவலகத்தில் போய்க் கேட்டார்கள். "உங்கள் கணக்கு எங்கே?" என்ற கேள்வி வந்தது. காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தார்கள்.

அந்த வீட்டு மகன் ஐந்தாம் படிவத்தில் படிக்கிறான். உறவினர் கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்று அவனிடம் இருந்தது. பள்ளியில் கற்றதைக் கொண்டு, குலைக் கணக்கை எழுதி வைக்கும் ஒரு சிறு நிரலை அதில் செய்தான். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தாயார் சிரித்துவிட்டார். "ஏன் தம்பி, இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டா நான் மரத்தடிக்குப் போவேன்? என் கைப்பேசியில் போட்டுக் கொடு" என்றார். மகன் அந்தக் கோப்பைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்த்தான். திறக்க மறுத்துவிட்டது. "இதுவும் கணினிபோலத்தான் என்கிறாய். அதில் ஓடுவது இதில் ஏன் ஓடவில்லை?" என்று கேட்டார் தாயார்.

நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை என்ன, ஒரு முறை எழுதிய நிரலைக் கைப்பேசியிலும் கணினியிலும் ஓடச் செய்ய என்னென்ன கருவிகள் வேண்டும், அவற்றை நம் வீட்டில் எப்படி அமைப்பது என்பவற்றை இன்று பார்ப்போம்.

பழைய தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். மேலே வெள்ளைக்காரத் துரை. கீழே தமிழ் பேசும் தொழிலாளர்கள். துரைமார் ஓரளவு தமிழ் கற்றிருந்தாலும், எழுத்து வேலையெல்லாம் ஆங்கிலத்தில். நடுவில் கிராணியார் இருந்தார். தொழிலாளி தமிழில் சொன்னதை அவர் ஆங்கிலத்தில் எழுதினால்தான் காரியம் நடக்கும். கணினியிலும் இப்படி ஒரு கிராணியார் உண்டு.

கணினியின் உள்ளே செயலகம் என்றொரு சில்லு இருக்கிறது. அதற்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது, மலாயும் தெரியாது. அதற்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. இன்ன எண் வந்தால் கூட்டு, இன்ன எண் வந்தால் எடுத்து வை என்று அதற்குப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். தொடக்க காலத்தில் மனிதர்களே அந்த எண்களை வரிசை வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். கண்ணும் நோகும், தவறும் மலியும். 1952ஆம் ஆண்டில் கிரேஸ் ஹாப்பர் என்ற அமெரிக்கப் பெண்மணி, மனிதர் எழுதும் குறிப்புகளைக் கணினியே எண்களாகத் தொகுத்துக்கொள்ளும் வழி ஒன்றைச் செய்து காட்டினார். அத்தகைய வேலையைக் கணினி செய்யும் என்று அப்போது பலர் நம்பவில்லை. 1957இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் இயங்கிய குழு ஃபோர்ட்ரான் என்ற மொழியை வெளியிட்டது. கணக்குப் பாடத்தில் எழுதுவது போலவே கணினிக்கும் எழுதலாம் என்ற நிலை அதன் பின்னர் வந்தது.

மனிதர் எழுதியதைச் சில்லின் எண்மொழிக்கு மாற்றித் தரும் இந்தக் கிராணியாருக்குக் கம்பைலர் என்று பெயர். தமிழில் தொகுப்பி என்கிறோம். நம் பிள்ளைகள் எழுதுவது மூல நிரல். தொகுப்பி தருவது ஓடும் நிரல்.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். எல்லாச் சில்லுகளும் ஒரே மொழி பேசுவதில்லை. நாம் பயன்படுத்தும் பெரும்பாலான விண்டோஸ் மடிக்கணினிகளில் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. நிறுவனத்தின் சில்லு இருக்கிறது. அவை இரண்டும் ஓர் இனம். கைப்பேசிகளில் இருப்பது ஆர்ம் என்னும் வேறோர் இனம். இன்டெல் சில்லுக்காக எழுதப்பட்ட எண்கள் ஆர்ம் சில்லுக்கு வெறும் உளறல். ஆங்கிலத்தில் எழுதிய மனுவைச் சீன மொழி மட்டும் தெரிந்த ஒருவரிடம் நீட்டினால் அவர் என்ன செய்வார்? திருப்பித்தான் கொடுப்பார். மகன் அனுப்பிய கோப்பைக் கைப்பேசி திருப்பியதும் அப்படியே.

சில்லு ஒன்றானால் போதுமா என்றால், அதுவும் போதாது. ஆப்பிள் நிறுவனம் 2020ஆம் ஆண்டு முதல் தன் கணினிகளிலும் ஆர்ம் இனச் சில்லையே பொருத்தி வருகிறது. எனினும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குச் செய்த நிரல் அதில் அப்படியே ஓடிவிடாது. சில்லுக்கு மேலே இயங்குதளம் என்று ஒன்று உண்டு. விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிளின் ஐஓஎஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் என்பவை இயங்குதளங்கள். திரையில் ஒரு பெட்டியைக் காட்டுவதா, விரல் பட்டதை அறிவதா, கோப்பைச் சேமிப்பதா, எல்லாவற்றையும் நிரல் அதனிடம்தான் கேட்டுப் பெற வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் நடைமுறை மாறுவது போல, தளத்துக்குத் தளம் கேட்கும் முறையும் மாறும்.

ஆகவே முன்பெல்லாம் ஒரே வேலைக்கு ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக நிரல் எழுதினார்கள். நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1980களில் கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சல் என்ற மென்பொருளை உருவாக்கினார். கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்ப 2005இல் செல்லினம் வந்தது. முதலில் அது அக்காலத்துச் சிறு கைப்பேசிகளுக்காகச் செய்யப்பட்டது. பின்னர் ஐபோனும் ஆண்ட்ராய்டும் வந்தபோது அவற்றுக்கும் அதைக் கொண்டு போக வேண்டியிருந்தது. கருவி மாற மாற மென்பொருள் செய்பவருக்கு எவ்வளவு உழைப்பு கூடுகிறது என்பதற்கு இது ஒரு சான்று. நம் நாட்டுத் தமிழர் ஒருவர் கைப்பேசிக்கு நிரல் செய்து உலகத் தமிழர் கையில் கொடுத்திருக்கிறார் என்பதும் நம் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

அப்படியானால் ஒரு முறை எழுதிப் பல தளங்களில் ஓட்டும் வழி உண்டா? உண்டு. அதற்குத் தொகுப்பி மட்டும் போதாது. அதனோடு இன்னும் சில கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். இந்த வரிசைக்குக் கருவித் தொடர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

கருவித் தொடர் நமக்குப் புதியதன்று. கித்தா மரத்துப் பாலை எண்ணிப் பாருங்கள். மங்கில் வடிந்த பால் வாளிக்கு வருகிறது. ஸ்டோரில் நிறுக்கிறார்கள், வடிகட்டுகிறார்கள், அமிலம் ஊற்றி உறைய வைக்கிறார்கள், உருளை இயந்திரத்தில் கொடுத்துத் தகடாக்குகிறார்கள், புகைக்கூடத்தில் காய வைக்கிறார்கள், தரம் பிரித்துக் கட்டுகிறார்கள். ஒரு படியில் வெளிவருவது அடுத்த படிக்கு உள்ளே போகிறது. நடுவில் ஒரு படி தவறினால் கடைசியில் தகடு இல்லை. அதே பாலை வேறு வழியில் அனுப்பினால், கையுறை செய்வதற்கான அடர்பால் கிடைக்கிறது. மரம் ஒன்று, பால் ஒன்று, போகும் வழிக்குத் தக்கபடி பொருள் வேறு.

மூல நிரல்தான் பால். ஆண்ட்ராய்டுக்கான தொடர் வழியே அனுப்பினால் கைப்பேசிச் செயலி கிடைக்கும். விண்டோஸுக்கான தொடர் வழியே அனுப்பினால் கணினி மென்பொருள் கிடைக்கும். தொகுப்பி நிரலை எண்மொழிக்கு மாற்றுகிறது. இணைப்பி என்னும் கருவி பிரிந்து கிடக்கும் பகுதிகளை ஒன்றாகச் சேர்க்கிறது. பொதியாக்கும் கருவி படம், எழுத்துரு முதலியவற்றோடு அதைக் கட்டித் தருகிறது. கடைசியில், செய்தவர் இன்னார் என்று முத்திரை இடப்படுகிறது.

இத்தகைய கருவித் தொடர்கள் பல இருக்கின்றன. இன்று நாம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஃபிளட்டர். கூகிள் நிறுவனம் அதன் முதல் முழுப் பதிப்பை 2018 டிசம்பரில் வெளியிட்டது. 2022 மே மாதம் வந்த மூன்றாம் பதிப்போடு ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ், இணைய உலாவி ஆகிய ஆறு இடங்களுக்கும் ஒரே மூல நிரலிலிருந்து மென்பொருள் செய்ய வழி ஏற்பட்டது. நிரல் எழுதும் மொழிக்கு டார்ட் என்று பெயர்.

இதற்குக் கட்டணம் இல்லை. இதை நேயர்கள் நன்றாக நினைவில் வைக்க வேண்டும். தொகுப்பிகளைப் பொதுச் சொத்தாகக் கொடுக்கும் வழக்கம் புதியதன்று. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1987இலேயே ஜிசிசி என்ற தொகுப்பியை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று வெளியிட்டார். ஃபிளட்டரும் அவ்வாறே மூல நிரலோடு எல்லாருக்கும் திறந்து விடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு பட்டணத்தில், இதே கருவிகளை ஒரு சிறு சேமிப்புக் குச்சியில் போட்டுக் கொடுத்து, அதற்கு 300 வெள்ளி வாங்கிய வகுப்பை நாம் கண்டிருக்கிறோம். சொல்லித் தருவதற்குக் கட்டணம் கேட்பது நியாயம். இலவசமாகக் கிடைக்கும் பொருளைக் காசுக்கு விற்பது வேறு. பெற்றோர்கள் பணம் கட்டுமுன் "எதற்காக இந்தக் கட்டணம்?" என்று கேளுங்கள்.

ஃபிளட்டரின் தொகுப்பி இரண்டு விதமாக வேலை செய்கிறது. மீண்டும் கிராணியாரையே அழைப்போம். பெரட்டுக் களத்தில் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்று உடனுக்குடன் வாய்மொழியாகச் சொல்வது ஒரு வகை. அறையில் உட்கார்ந்து முழு மனுவையும் மொழிபெயர்த்து எழுதித் தருவது இன்னொரு வகை. பிள்ளை நிரல் எழுதிப் பழகும்போது முதல் வகை நடக்கிறது. ஒரு சொல்லை மாற்றிச் சேமித்தால் நொடியில் கைப்பேசித் திரையில் அந்த மாற்றம் தெரியும். பழகுவதற்கு இது பெரிய வசதி. ஆனால் நிரல் சற்று மெதுவாக ஓடும். வேலை முடிந்து பிறருக்குக் கொடுக்கும்போது இரண்டாம் வகையில் தொகுக்க வேண்டும். அப்போது முழு நிரலும் சில்லின் எண்மொழிக்கு முன்கூட்டியே மாற்றப்பட்டு வேகமாக ஓடும். தன் நிரல் தள்ளாடுகிறது என்று வருந்தும் பிள்ளைகள் பலர், பழகும் வகையை வைத்துக்கொண்டே வருந்துகிறார்கள்.

இனி அமைக்கும் முறையைப் பார்ப்போம். பிள்ளைகள் அருகில் இருந்தால் அழைத்து உட்கார வையுங்கள்.

முதலில் கணினி. புதியது வேண்டும் என்பதில்லை. 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள விண்டோஸ் மடிக்கணினி இருந்தால் தொடங்கலாம். வட்டில் 30 ஜிகாபைட்டாவது காலி இடம் இருக்கட்டும். பதிவிறக்கங்கள் பெரியவை. கைப்பேசியின் முன்பணத் தரவில் இறக்கினால் ஒரே நாளில் தீர்ந்துவிடும். பொது நூலகத்திலோ அரசாங்கத்தின் நாடி இணைய மையத்திலோ இணைய வசதி இருந்தால், மடிக்கணினியை அங்கே கொண்டுபோய் இறக்கிக்கொள்வது சிக்கனம்.

இரண்டாவது, கிட் என்ற கருவி. நிரலில் செய்யும் மாற்றங்களை நாள் வாரியாகக் காத்து வைக்கும் பதிவேடு அது. ஃபிளட்டர் தன் வேலைக்கு அதைத் தேடும். ஆகவே முதலில் அதை நிறுவ வேண்டும்.

மூன்றாவது, விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எழுதுபலகை. நிரலை இதில்தான் எழுதுவோம். இதற்குள் ஃபிளட்டர் நீட்சி என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டு, புதிய திட்டம் தொடங்கு என்று சொன்னால், ஃபிளட்டர் கருவிப் பெட்டியைத் தானே இறக்கித் தரவா என்று கேட்கும். ஆம் என்று சொல்லலாம். எந்த அடைவில் வைப்பது என்று கேட்கும்போது கவனம் வேண்டும். பெயரில் இடைவெளியோ சிறப்புக் குறியோ இல்லாத அடைவாக இருக்கட்டும். விண்டோஸ் தன் மென்பொருள்களுக்கென ஒதுக்கிய அடைவில் வைக்கக் கூடாது. அங்கே எழுதுவதற்கு ஒவ்வொரு முறையும் தனி அனுமதி கேட்கும். பிறகு, கருவிகள் இருக்கும் இடத்தை விண்டோஸுக்குச் சொல்லி வைக்க வேண்டும். பாத் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் சேர்க்கவா என்று எழுதுபலகை கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். கத்தி எங்கே தொங்குகிறது என்று தெரியாவிட்டால் வேலைக்குப் போகிறவர் எப்படி எடுப்பார்? அதே கதைதான்.

நான்காவது, ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ. கைப்பேசிச் செயலியைக் கட்டித் தரும் தொடர் இதற்குள் இருக்கிறது. ஜாவாக் கருவிகளும் இதனோடு வந்துவிடும். முதல் முறை திறக்கும்போது மேலும் பல கோப்புகளை இறக்கும். பொறுமையாக இருக்க வேண்டும். கட்டளை வரிக் கருவிகள் என்ற பகுதியையும் குறியிட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஐந்தாவது, விஷுவல் ஸ்டூடியோ. மூன்றாவதாகச் சொன்ன எழுதுபலகையும் இதுவும் ஒன்றல்ல. பெயர் ஒற்றுமையால் ஏமாறுவோர் பலர். விண்டோஸ் மென்பொருள் செய்வதற்கான தொகுப்பியும் இணைப்பியும் இதில்தான் உள்ளன. இதில் கம்யூனிட்டி என்ற பதிப்பு தனி மனிதர்களுக்கு இலவசம். நிறுவும்போது சி பிளஸ் பிளஸ் வழியில் மேசைக்கணினி மென்பொருள் செய்வது என்ற பகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைப்பேசிச் செயலி மட்டும் போதும் என்பவர்கள் இந்தப் படியை இப்போதைக்கு விட்டுவிடலாம். வட்டில் இடமும் மிஞ்சும்.

இவ்வளவும் சரியாக அமைந்தனவா என்று எப்படி அறிவது? ஃபிளட்டரிலேயே ஒரு வைத்தியர் இருக்கிறார். கட்டளைத் திரையில் ஃபிளட்டர் டாக்டர் என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், ஒவ்வொரு கருவியாக நாடி பிடித்துப் பார்த்து, நலமாக இருப்பதற்குச் சரிக் குறியும் குறை உள்ளதற்கு வியப்புக் குறியோ தவறுக் குறியோ போட்டுக் காட்டும். குறையைத் தீர்க்கும் மருந்தையும் பெரும்பாலும் அதன் கீழேயே எழுதியிருக்கும். ஆண்ட்ராய்டு உரிமங்களுக்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை என்பது முதல் நாளில் அடிக்கடி வரும் குறை. அது காட்டும் கட்டளையைத் தட்டி, உரிமங்களைப் படித்து ஒப்புதல் தந்தால் தீர்ந்துவிடும்.

அடுத்து, நிரலை ஓட்டிப் பார்க்கக் கைப்பேசி வேண்டும். கணினிக்குள்ளேயே பொய்க் கைப்பேசி ஒன்றைக் காட்டும் வசதி உண்டு. ஆனால் பழைய கணினி அதன் பாரத்தைத் தாங்காது. வீட்டில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியே போதும். அதன் அமைப்புகளில் கைப்பேசியைப் பற்றி என்ற பகுதிக்குப் போய், கட்டமைப்பு எண் என்ற வரியை 7 முறை தொட்டால், நிரலாளர்களுக்கான பக்கம் திறக்கும். சில கைப்பேசிகளில் அந்த வரி வேறோர் இடத்தில் இருக்கும். தேடிப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் யு.எஸ்.பி. வழிப் பிழைதிருத்தம் என்பதை இயக்கிவிட்டு, கம்பியால் கணினியோடு இணைக்க வேண்டும். கைப்பேசி அனுமதி கேட்கும், கொடுக்க வேண்டும். நாங்கள் முதன்முதலில் இதைச் செய்தபோது ஒரு மாலை முழுவதும் கைப்பேசி கணினிக்குத் தென்படவே இல்லை. எல்லாவற்றையும் அழித்து மறுபடியும் நிறுவினோம். கடைசியில் பார்த்தால் குற்றம் கம்பியில்! அது மின்னேற்ற மட்டும் பயன்படும் மலிவான கம்பி. தரவு அதன் வழியே போகாது. வேறு கம்பி மாட்டியதும் உடனே தெரிந்தது. உங்கள் பிள்ளைகளுக்கு அந்த மாலைப் பொழுது மிஞ்சட்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

முதல் முறை செயலியைக் கட்டும்போது நெடுநேரம் ஆகும். இணையத்திலிருந்து இன்னும் சில பகுதிகள் இறங்கும். நின்றுவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். இரண்டாம் முறை விரைவாக முடியும்.

இனி நிரல். குலைக் கணக்குக்குப் பெரிய கணிதம் தேவையில்லை. தேதி, குலை எண்ணிக்கை, மூட்டை எண்ணிக்கை ஆகியவற்றுக்குக் கட்டங்கள். ஒரு குலையின் சராசரி எடை 15 கிலோ என்று வைத்துக்கொண்டால், 120 குலைக்கு 1,800 கிலோ, அதாவது 1.8 டன். அதை ஒரு டன்னுக்குரிய கூலியால் பெருக்கினால் அன்றைய வரவு. மாத முடிவில் எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம். திரையில் தோன்றும் சொற்களைக் குலை, மூட்டை, மொத்தம் என்று தமிழிலேயே எழுதலாம். ஆனால் நிரலுக்குள் நாம் வைக்கும் பெயர்களை டார்ட் மொழி ரோமன் எழுத்தில்தான் ஏற்கும்.

எழுதத் தொடங்கியதும் பிழைச் செய்திகள் சிவப்பாக வரிசை கட்டி நிற்கும். பிள்ளை முகம் வாடும். தொகுப்பி திட்டுவதில்லை, நேயர்களே. இன்ன கோப்பில் இன்ன வரியில் எனக்குப் புரியவில்லை என்று இடம் குறித்துச் சொல்கிறது. டார்ட் மொழியில் பெரும்பாலான கட்டளைகளின் முடிவில் அரைப்புள்ளி வர வேண்டும். அந்த ஒரு புள்ளி விடுபட்டாலும் நிரல் நிற்கும். பல பிழைகள் ஒன்றாக வந்தால் முதல் பிழையை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். மற்றவை அதன் குட்டிகளாக இருக்கக்கூடும். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். "நேற்று முழுவதும் உட்கார்ந்தாயே, என்னத்தைக் கிழித்தாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு பிழையைத் தேடிக் கண்டுபிடித்த பிள்ளை அன்று ஒரு பாடம் படித்திருக்கிறது.

இந்தக் கருவித் தொடரால் முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். மூல நிரல் ஒன்றே ஆனாலும், விண்டோஸ் மென்பொருளை விண்டோஸ் கணினியில்தான் கட்ட முடியும். லினக்ஸுக்கு லினக்ஸ் கணினி. ஐபோனுக்கும் மேக்குக்கும் ஆப்பிள் கணினி. ஆண்ட்ராய்டுச் செயலியை மட்டும் இவற்றில் எதிலும் கட்டலாம். ஆகவே ஐபோனுக்கும் செய்ய வேண்டும் என்று கடன் வாங்கி ஆப்பிள் கணினி வாங்காதீர்கள். ஆண்ட்ராய்டும் விண்டோஸும் நம் தேவைக்குப் போதும். விண்டோஸுக்குக் கட்டிய மென்பொருளை வேறு கணினிக்குக் கொடுக்கும்போது, ஓடும் கோப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தால் ஓடாது. அதனோடு உள்ள அடைவு முழுவதையும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டு கருவியிலும் ஒரே நிரல் ஓடுகிறது என்பதால் கணக்கும் தானாக ஒன்று சேர்ந்துவிடாது. தாயார் கைப்பேசியில் எழுதியதை ஒரு கோப்பாக்கி, கம்பி வழியே கணினிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியையும் மகன் நிரலில் எழுதியாக வேண்டும்.

செயலியை உலகத்தாருக்கு வழங்க விரும்பினால் கூகிளின் செயலிக் கடையில் பதிய வேண்டும். அதற்கு ஒரே முறை 25 அமெரிக்க வெள்ளி கட்டணம். பதிபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஆப்பிளில் ஆண்டுதோறும் 99 அமெரிக்க வெள்ளி. 2023 நவம்பர் நடுவிலிருந்து கூகிளில் புதிதாகத் தனி மனிதர் பெயரில் கணக்குத் திறப்போர், செயலியை வெளியிடுமுன் 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்ட வேண்டும். பட்டணத்துப் பிள்ளைக்கு 12 பேர் கிடைப்பது கடினமாக இருக்கலாம். நம் லயத்தில் அது ஒரு பொருட்டா?

முத்திரை பற்றி முன்பே சொன்னோம். செயலியில் இடும் முத்திரைக்கு ஒரு சாவிக் கோப்பும் கடவுச் சொல்லும் உண்டு. அவற்றை வீட்டுப் பட்டாவைப் போலப் பத்திரப்படுத்த வேண்டும். தொலைத்துவிட்டால் செயலியைப் புதுப்பிப்பது பெரும் தொல்லையாகிவிடும். பிறர் கையில் சிக்கினால் நம் பெயரில் கள்ளச் செயலி செய்ய இடமாகும்.

இங்கே பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆண்ட்ராய்டுச் செயலியின் பொதி ஏ.பி.கே. என்ற கோப்பாக வரும். திருமண அழைப்பிதழ் என்றும் அரசாங்க உதவித் தொகை என்றும் சொல்லி இத்தகைய கோப்பை அனுப்பி, வங்கிப் பணத்தைச் சுரண்டும் மோசடி நம் நாட்டில் நடந்து வருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை உங்கள் கண் எதிரே செய்ததை நிறுவுங்கள். யாரோ அனுப்பியதைத் தொடாதீர்கள். அவ்வாறே, கருவிகளைப் பதிவிறக்கும்போது ஃபிளட்டருக்கு ஃபிளட்டரின் தளம், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவுக்குக் கூகிளின் தளம் என்று உரியவர் தளத்திலிருந்தே எடுக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

நேயர்களே, இவ்வளவு சிரமம் எதற்கு, கைப்பேசியில்தான் ஆயிரம் செயலிகள் கிடைக்கின்றனவே என்று சிலர் கேட்கலாம். 1972இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்தும் ஆலையைப் பினாங்கில் திறந்தது. அதைத் தொடர்ந்து மின்னணு ஆலைகள் பல வந்தன. தோட்டத்துக் குடும்பங்களிலிருந்தும் பெண்கள் விடியுமுன் எழுந்து ஆலைப் பேருந்து ஏறினார்கள். நுண்ணோக்கியில் கண் பதித்து, மயிரிழை போன்ற கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தினார்கள். உலகக் கணினிகளின் உறுப்பு நம் பெண்களின் கை வழியே போயிற்று. ஆனால் அந்தச் சில்லிடம் என்ன சொல்வது என்பதை வேறு யாரோ எங்கோ தீர்மானித்தார்கள். பாட்டியின் கை சில்லைப் பொருத்தியது. பேரப் பிள்ளை அந்தச் சில்லுக்குக் கட்டளை எழுதட்டும். நாம் வாங்குவோராகவே இருந்துவிடாமல் செய்வோராகவும் ஆவதற்கு இது ஒரு வழி. நம் தேவை நமக்குத்தான் தெரியும். குலைக் கணக்குக்கு ஒரு செயலி வேண்டும் என்று தொலைதூரத்துப் பெருநிறுவனத்துக்கு எப்படித் தெரியும்?

அந்தக் குடும்பத்தின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். மகன் ஏறக்குறைய இரண்டு மாதம் உழைத்தான். பழைய நிரலைத் தள்ளிவிட்டு டார்ட் மொழியில் புதிதாக எழுதினான். தாயார் மரத்தடியிலேயே கைப்பேசியை எடுத்து எண்ணிக்கையைத் தட்டி வைத்தார். அதற்கு இணையத் தொடர்பும் தேவைப்படவில்லை. மாதக் கடைசியில் மகன் மடிக்கணினியில் மொத்தக் கணக்கையும் எடுத்து, பட்டணத்துக் கடையில் தாளில் அச்சிட்டு வந்தான். சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டபோது ஒரு நாள் கணக்கு பதிவாகாமல் விடுபட்டிருந்தது. தாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்கள். அலுவலகத்தார் பதிவேட்டைப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார்கள். தொகை சிறியதுதான். ஆனால் இந்த முறை "உங்கள் கணக்கு எங்கே?" என்ற கேள்வி எழவில்லை.